பியூக் வண்டியை விற்றேன்

எங்கள் வீட்டுப் பியூக் கார் சென்ற தை மாதம் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கீழ்வேளூரில், எங்கள் நெல் அரைவை ஆலையை அடுத்த கொட்டகையில் நின்ற வண்டி அது. சுற்றுவட்டாரப் பங்குகளில் நடந்த எத்தனையோ திருமணங்களில் மணமக்களைச் சுமந்து சென்றிருக்கிறது. இதை வாசிப்பவர்களில் சிலர்கூட அதன் பின்னிருக்கையில் மாலையும் கழுத்துமாக அமர்ந்திருக்கலாம். "ஏன் விற்றீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்லில் விடை கூறிவிடுகிறேன்: வயது. எப்படி விற்றேன் என்பதைத்தான் ஒரு சொல்லில் கூற இயலவில்லை.

அது 1947ஆம் ஆண்டு வண்டி. ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும் எட்டுச் சிலிண்டர்கள். அவற்றுக்கு இடம் வேண்டி நீண்ட மூக்கு. முகப்பில் பல்லைக் காட்டிச் சிரிப்பது போன்ற பளபளக்கும் கம்பிகள். அதைக் கிளப்புவதற்குத் தனிப் பொத்தான் கிடையாது. சாவியைத் திருப்பிவிட்டு ஆக்ஸிலரேட்டரைக் காலால் அமுக்கினால்தான் எஞ்சின் கிளம்பும். இதை அறியாத ஓட்டுநர்கள் பொத்தானைத் தேடித் தேடி அசடு வழிவதைக் கண்டு சிறுவர்களாகிய நாங்கள் சிரிப்போம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வண்டிகளில் காடிலாக்கிற்கு அடுத்த படியில் இருந்தது பியூக். அந்நிறுவனம் 1928ஆம் ஆண்டிலேயே பம்பாய் சேவ்ரியில் தொழிற்சாலை அமைத்துத் தன் வண்டிகளைப் பூட்டி விற்றது. 1954இல் மூடிக்கொண்டு சென்றுவிட்டது. செல்வர் வீடுகளில் தங்கிவிட்ட வண்டிகள் அதன் பின் கைமாறத் தொடங்கின. எங்கள் தந்தையார் 1960ஆம் ஆண்டு காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார் வீடு ஒன்றிலிருந்து இதை வாங்கினார். காரைக் குறிக்க நம் கிராமத்தார் வழங்கிய சொல் 'பிளஷர்' என்பது. "ஆலைக்காரர் வீட்டுப் பிளஷர் வருது" என்று பாட்டிமார் சொல்வது இன்னும் என் செவியில் இருக்கிறது.

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் விலை ஏறியபோது இத்தகைய பெரிய வண்டிகளின் வாழ்வு முடிந்தது. பலர் பழைய எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினைப் பொருத்தி வாடகைக்கு விட்டார்கள். அப்பாவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கட்டை கொடுத்து நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். 1989இல் அவர் காலமான பிறகு, இரண்டு ஆண்டுகள் கழித்து நான் தார்ப்பாயை நீக்கினேன். அன்று பிடித்த பைத்தியம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடவில்லை. இந்த வண்டிக்கு வேண்டியது ஆறு வோல்ட் பாட்டரி. சொல்லி வைத்துச் செய்து வாங்க வேண்டும். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடினால் அன்று நல்ல நாள். இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய இரப்பர்க் குழாய்களை அரித்துவிடும் என்பதால் அவற்றையெல்லாம் மாற்றினேன். 2018 நவம்பரில் கஜா புயல் கொட்டகையின் கூரையைப் பெயர்த்து வண்டியின் மேல் போட்டது. டிங்கர் வேலைக்கும் பட்டி பூசி வர்ணம் அடிப்பதற்கும் ஆன செலவை என் மனைவியிடம் இன்றுவரை முழுமையாகச் சொன்னதில்லை.

கண்புரை அறுவைக்குப் பின் இரவில் ஓட்டுவதை நிறுத்தினேன். முழங்கால் ஒத்துழைக்காததால் பகலிலும் நிறுத்தினேன். ஒரு மகன் சென்னையில், ஒருவன் மஸ்கட்டில். இருவருக்கும் வண்டியின்மேல் அன்பு உண்டு. வைத்துக்கொள்ள இடம் இல்லை. கடற்காற்று வீசும் ஊரில் ஓடாமல் நிற்கும் வண்டி நாள்தோறும் கொஞ்சம் துருவாக உதிர்ந்துகொண்டே இருக்கும். கோயில் கட்டட நிதிக்குக் கொடுத்துவிடலாமா என்றும் எண்ணினேன். 1964ஆம் ஆண்டு பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், தாம் பயன்படுத்திய வெள்ளை லிங்கன் காரை அன்னை தெரசாவிடம் அளித்துச் சென்றதும், அன்னை அதை விற்காமல் பரிசுச் சீட்டு நடத்தி, சாதாரணமாக விற்றால் கிடைக்கும் தொகையைக் காட்டிலும் மிகுதியாகத் திரட்டித் தொழுநோயாளர் குடியிருப்புக்குச் செலவிட்டதும் என் தந்தையார் அடிக்கடி சொல்லும் செய்தி. எங்கள் பங்குத் தந்தையோ, "அது திருத்தந்தை அமர்ந்த கார், உம்முடையதில் நெல் மூட்டையும் அல்லவா ஏறியிருக்கிறது!" என்று சிரித்துவிட்டார்.

ஆகவே விற்பது என்று முடிவாயிற்று. இத்தகைய வண்டிக்கு விலைப்பட்டியல் கிடையாது. வாங்குகிறவனின் ஆசையே விலை. விற்கிறவனுக்கும் ஓர் ஆசை உண்டு. தான் அதற்குக் கொட்டிய பணத்தையும் உழைப்பையும் கூட்டி விலையில் சேர்த்துவிடுகிறான். நானும் சேர்த்தேன். முதலில் வந்தவர் ஒரு விடுதிக்காரர். எஞ்சினை எடுத்துவிட்டு வரவேற்புக் கூடத்தில் பொம்மையாக நிறுத்தப் போவதாகக் கூறினார். அடுத்து வந்த இளைஞர் ஜப்பானிய எஞ்சினும் குளிர்சாதனமும் பொருத்த எண்ணினார். இருவருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

மூன்றாவதாக ஒரு தரகர் வந்தார். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளை விளக்கியவர் அவரே. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாக 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் கொண்ட எண்ணில் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம். இவற்றோடு முக்கியமான ஒன்று: சேசிஸ், மேற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. "உங்கள் வண்டியில் எல்லாம் அசல். அதுதான் காசு," என்றார். பிறகு குனிந்து எஞ்சினைப் பார்த்தவர், புகைக்குழாய்க்குக் கீழே விரலால் தடவி, "இது என்ன தழும்பு?" என்றார். நான் பேசாமல் நின்றேன். "ஒரு கை வர்ணம் அடித்துவிடுங்கள். யாருக்கும் தெரியாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். அதை உண்டாக்கியவனே நான்தான்.

1971ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், வேளாங்கண்ணி அன்னையின் திருவிழா. எனக்குப் பதினாறு வயது. வீட்டார் பதினொரு பேரும் பியூக்கில் ஏறினோம். நாகப்பட்டினம் தாண்டியதும் மாட்டு வண்டிகளுக்கும் நடந்து செல்லும் மக்களுக்கும் நடுவே ஊர்ந்து ஊர்ந்து சென்றதில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. தென்னந்தோப்பு ஒன்றில் வண்டியை நிறுத்திய எங்கள் டிரைவர் அண்ணன், "தம்பி, நான் பெரியவர்களைக் கோயில் வரைக்கும் கூட்டத்தில் கொண்டுபோய் விட்டு வருகிறேன். சூடு ஆறட்டும். மூடியைத் தொடாதே," என்று சொல்லிச் சென்றார். சிறிது நேரம் காத்திருந்தேன். பிறகு என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட எண்ணி, துணியைச் சுற்றி மூடியைத் திருகி, கிணற்றிலிருந்து இறைத்த குளிர்ந்த நீரை வாளியோடு ஊற்றினேன். உள்ளே 'டக்' என்று ஓர் ஒலி கேட்டது. வார்ப்பிரும்பு கொதிக்கும்போது குளிர்நீர் பட்டால் வெடிக்கும் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் ஆலை வாசலில் வண்டிக்கு அடியில் நீர் சொட்டிக் கிடந்தது. எஞ்சினின் வெளிச்சுவரில் ஒரு சாண் நீளம் விரிசல். தண்ணீர் பார்க்காமல் ஓட்டியதாக அப்பா டிரைவர் அண்ணனைக் கடிந்துகொண்டார். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரமே வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்.

முதல் நாள் அச்சத்தால் பேசாதிருந்தேன், பிறகு வெட்கத்தால். அவ்வாண்டு கிறிஸ்துமசுக்கு முன் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னேன். "அப்பாவிடம் போய்ச் சொல்," என்றார் குருவானவர். சொல்கிறேன் என்றேன். பதினெட்டு ஆண்டுகள் அப்பா உயிரோடு இருந்தார். சொல்லவில்லை.

விரிசலைச் சரிசெய்தவர் நாகப்பட்டினத்து முதியவர் ஒருவர். அங்கிருந்த தென்னிந்திய இரயில்வேப் பட்டறை 1920களின் இறுதியில் திருச்சி பொன்மலைக்குப் பெயர்ந்தபோது ஊரை விட்டுப் போகாமல் தங்கிவிட்ட குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். நெருப்புக் காட்டிப் பற்றவைத்தால் வார்ப்பிரும்பு மேலும் வெடிக்கும் என்பதால், விரிசலின் இரு முனைகளிலும் துளையிட்டு அது நீளாமல் தடுத்து, இடையில் ஒன்றையொன்று கவ்வுமாறு மரையிட்ட ஆணிகளை வரிசையாக முறுக்கி, தட்டி, அரத்தால் இழைத்து, துணி தைப்பதுபோலத் தைத்தார். மூன்று நாள் வேலை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சொட்டுக் கசிந்ததில்லை.

தரகர் போன பிறகு, உண்மையைச் சொல்கிறேன், வர்ண டப்பாவை வாங்கி வந்தேன். அது மூன்று வாரம் கொட்டகை அலமாரியில் திறக்கப்படாமல் இருந்தது.

கடைசியில் வந்தவர் கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அரை நாள் வண்டியைப் பார்த்தார். கீழே படுத்துச் சேசிஸைத் தட்டினார், ஓட்டினார், கஜாவின் பட்டி எங்கெங்கே என்று காந்தத்தை வைத்துக் கண்டுபிடித்தார். ஆனால் அந்தத் தழும்பை அவர் காணவில்லை. விலை பேசி முடித்து முன்பணத்தை எண்ணத் தொடங்கினார். "சற்று நிறுத்துங்கள்," என்று சொல்லி, விளக்கைப் பிடித்து அந்த இடத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "எப்படி வெடித்தது?" என்றார். "அதிகச் சூடு" என்று சொல்லி முடித்திருக்கலாம். முழுவதையும் சொன்னேன். என் மனைவி காப்பித் தட்டோடு கதவருகே நின்றிருந்தாள். அவளும் அன்றுதான் கேட்டாள்.

வந்தவர் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகக் கூறிப் புறப்பட்டார். ஒரு வாரம் செய்தி இல்லை. பிறகு தொலைபேசியில் அழைத்து, பேசிய விலையில் 2,50,000 ரூபாய் குறைத்துக்கொண்டால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒப்புக்கொண்டேன். அவர் குறைத்தது நியாயம் என்றே இப்போதும் கருதுகிறேன். பொங்கல் கழிந்து வண்டியை லாரியில் ஏற்றும்போது, "அந்தத் தையலை மட்டும் வர்ணம் அடிக்காமல் விட்டுவிடப் போகிறேன். என் பையன்களுக்குக் காட்ட வேண்டும்," என்றார்.

டிரைவர் அண்ணன் அதன் பின் திருவாரூரில் லாரி ஓட்டினார் என்றும், 1998இல் இறந்தார் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். அவர் மகள் சிக்கலில் இருக்கிறாள். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். வண்டி போன நான்காம் நாள், கிடைத்த தொகையில் ஒரு பகுதியை உறையில் இட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஐம்பது வயதைக் கடந்த பெண்; அங்கன்வாடியில் பணி. நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அவரே நின்றுவிட்டதாகத்தான் எங்களிடம் சொன்னார், ஐயா," என்றாள். சற்றுப் பொறுத்து, "லாரியைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார். எப்போதும் அந்தப் பிளஷரைப் பற்றித்தான் பேச்சு. காலால் அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும் என்பார். அதில் ஒரு முறை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து ஆசை. கொட்டகையில்தானே நிற்கிறது?" என்றாள்.

நான்கு நாட்களுக்கு முன் அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். அவள் தேநீர் போட உள்ளே சென்றாள். நான் உறையைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன்.

திரும்பி வந்தவள், "என் மகன் கோயம்புத்தூரில்தான் படிக்கிறான். வாங்கியவர் முகவரியைக் கொடுங்கள், அவனைப் பார்க்கப் போகும்போது கேட்டுப் பார்க்கிறேன்," என்றாள். வேறு தாள் இல்லாததால் உறையின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் உள்ளிருந்த பணத்தை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, உறையை மட்டும் அலமாரியில் வைத்துக்கொண்டாள்.