குடைக்கார ஆசாமி

நான் சித்திரை வெயிலிலும் பையில் குடை வைத்திருக்கிற ஆசாமி. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை வரை நினைத்திருந்தேன்.

அன்று மத்தியானம் லேப்டாப்பில் 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' பார்க்க உட்கார்ந்தோம், நானும் மனைவியும். 1940-ல் ஹோவர்ட் ஹாக்ஸ் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மூலம், 'தி ஃப்ரன்ட் பேஜ்' என்ற 1928-ம் வருஷத்து நாடகம். எழுதிய பென் ஹெக்ட், சார்லஸ் மெக்ஆர்தர் இருவருமே சிகாகோவில் நிருபர்களாக இருந்தவர்கள்.

நாடகத்தில் நிருபர் ஹில்டி ஆம்பளை. கல்யாணம் பண்ணிக்கொண்டு வேலையை விடப் பார்க்கிறான். எடிட்டர் வால்டர் விடுவேனா என்கிறார். ஹாக்ஸ் செய்த குறும்பு, ஹில்டியைப் பெண்ணாக்கி, வால்டரின் மாஜி மனைவியாகவும் ஆக்கியது. கதை பற்றிக்கொண்டது! ஒருத்தர் முடிப்பதற்குள் இன்னொருத்தர் பேசுகிறார்கள், கேரி கிராண்ட்டும் ரோசலிண்ட் ரஸ்ஸலும். சப்-டைட்டிலுக்கு மூச்சு வாங்குகிறது.

ஹில்டி கட்டிக்கொள்ளப்போவது ப்ரூஸை. ஆல்பனி ஊர் இன்ஷூரன்ஸ்காரன். ரொம்ப நல்லவன். எங்கே போனாலும் குடை! வால்டர் ஆள் வைத்து அவனை மூன்று தடவை போலீஸில் மாட்டிவிடுகிறார். விழுந்து விழுந்து சிரித்தேன்.

மனைவி சிரிக்கவில்லை. திரையில் ஹில்டி டைப்ரைட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள். ரயிலுக்கு நேரமாச்சு என்கிறான் ப்ரூஸ். அவள் காதிலேயே விழவில்லை.

"பாவம், அவ உசிரு அங்கதான் இருக்கு" என்றாள் மனைவி மெதுவாக.

சுருக்கென்றது. கல்யாணத்துக்கு முன் இவள் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியை. "நைட் ஷிஃப்ட்டெல்லாம் எதுக்கும்மா, நான் சம்பாதிக்கறேனே" என்று பிரியமாகத்தான் சொன்னேன். மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டாள். ஆறு வருஷம் ஆச்சு.

வால்டர் அயோக்கியன்தான். ஆனால் ஹில்டிக்கு எது வரும் என்று அந்த அயோக்கியனுக்குத் தெரிந்திருக்கிறது. நல்லவன் ப்ரூஸ் வீடு தருகிறான், குடும்பம் தருகிறான். டைப்ரைட்டர் மட்டும் அந்த லிஸ்ட்டில் இல்லை.

நானும் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்தான், ஸார்.

படம் முடிந்ததும் கேட்டேன்: "மறுபடி வேலைக்குப் போறியா?"

ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், "நைட் ஷிஃப்ட் போட்டா?" என்றாள்.

"வாசல்ல வந்து நிக்கறேன். மழை வந்தாலும் கவலையில்லை. குடை இருக்கு."

இந்தத் தடவை அவள் சிரித்தாள்.