தலைமடைக்காரர்கள்

மன்னார்குடிக்கு மதில் அழகு என்பார்கள். அந்த மதிலையும்விட உயரமாக எங்கள் ஊரில் ஒன்று உண்டு: கிரிக்கெட்டைப் பற்றிய அபிப்பிராயம். சாயங்காலம் ஹரித்ரா நதியின் நாலு கரையையும் ஒரு சுற்று வந்தால் போதும். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது, யாரை முதலில் இறக்குவது என்று ஏழெட்டுத் தேர்வுக் கமிட்டிகள் கூடியிருக்கும். எனக்கு அந்த ஞானம் குறைவு. யார் எத்தனை ரன் அடித்தார் என்பது மறுநாளே மறந்துபோகும். யாருக்காவது தண்டனை கொடுத்தார்கள் என்ற செய்தி மட்டும் மறப்பதில்லை. தண்டித்தவர் யார், அவருக்கும் இதில் பங்கு உண்டா என்று மனசு தேட ஆரம்பித்துவிடும். கதை எழுதுகிறவனுக்கு வாய்த்த கெட்ட பழக்கம்.

2019 ஜூலை மாதக் கடைசியில் அப்படி ஒரு செய்தி வந்தது. பிருத்வி ஷா என்ற ஆட்டக்காரருக்கு எட்டு மாதத் தடை. வயது 19. அதற்கு முந்தின வருஷம்தான் தம் முதல் டெஸ்ட் பந்தயத்திலேயே சதம் அடித்திருந்தார். பிப்ரவரி 22-ஆம் தேதி இந்தூரில் அவரிடம் எடுத்த சிறுநீரில் டெர்புடலின் என்ற மருந்து இருந்ததாம். மூச்சுக்குழலை விரித்துக் கொடுக்கிற மருந்து அது. இருமல் மருந்துகளில் சேர்ப்பதுண்டு. இருமலுக்குக் குடித்தேன், தெரியாமல் நடந்தது என்றார் அவர். கிரிக்கெட் வாரியமும் அதை ஒப்புக்கொண்டது.

இதுவரை சரி. தடைக்காலம் எங்கிருந்து எதுவரை என்று பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மார்ச் 16 முதல் நவம்பர் 15 வரை. மார்ச் கடைசியிலிருந்து மே வரை அவர் ஐ.பி.எல். பந்தயங்களில் டெல்லி அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். நாமெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஒருவன் ஜெயிலில் இருந்ததாகக் கணக்கெழுதிய நாட்களில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று நான் கதை எழுதினால், எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அன்றைய தபாலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

இது முதல் தடவையும் அல்ல. யூசுப் பதானுக்கும் இதே மருந்தினால் ஐந்து மாதத் தடை. அதை வாரியம் அறிவித்தது 2018 ஜனவரி 9-ஆம் தேதி. தடை முடிகிற நாள் ஜனவரி 14. தண்டனை ஊருக்குத் தெரிந்தபோது பாக்கி இருந்தது ஐந்தே நாள்.

இந்த இரண்டு பேரையும் நான் குறை சொல்லவில்லை. இருமல் யாருக்கும் வரும். எனக்கு உறுத்தியது வேறு. பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது வாரியம். விசாரிப்பது வாரியம். எத்தனை மாதம், எந்தத் தேதியிலிருந்து என்று தீர்மானிப்பது வாரியம். டிக்கெட் பணமும் தொலைக்காட்சிப் பணமும் வாங்குவதும் அதே வாரியம். நீதிபதியும் கொட்டகை முதலாளியும் ஒரே ஆளாக இருந்தால், எந்த நட்சத்திரத்துக்கு எந்த மாதத்தில் இருமல் வரலாம் என்று அவர் கவலைப்படத்தானே செய்வார்?

நாட்டில் இதற்கென்றே தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை என்று ஒன்று இருக்கிறது. சுருக்கமாக ‘நாடா’. நாடா என்றால் நமக்குப் பாவாடைதான் ஞாபகத்துக்கு வரும். இதுவும் கட்டி நிறுத்துகிற காரியம்தான். மற்ற விளையாட்டுக்காரர்கள் எல்லாரும் அதன் கீழே வந்த பிறகும் கிரிக்கெட் வாரியம் வரமாட்டேன் என்று வருஷக்கணக்கில் நின்றது. ஒவ்வொரு நாளும் எந்த நேரத்தில் எங்கே இருப்போம் என்பதை ஆட்டக்காரர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதியை 2009-இல் வாரியம் எதிர்த்தது. புகழ்பெற்றவர்களின் பாதுகாப்பு என்னாவது, அந்தரங்கம் என்னாவது என்று கேட்டார்கள். நியாயமான கவலைதான். ஆனால் கவலைக்கு மருந்து தேடப் பத்து வருஷம் ஆகுமா? நீங்களே சோதித்து நீங்களே தீர்ப்புச் சொல்கிறீர்களே என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் கேள்வி கேட்டு நெருக்கிய பிறகு, 2019 ஆகஸ்டில்தான் வாரியம் நாடாவுக்குத் தலையை நீட்டியது.

ஊக்கமருந்துச் சட்டத்துக்கு ஆதாரமாக ஒரு விதி உண்டு. உன் உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு நீயே பொறுப்பு. யார் கொடுத்தார், ஏன் குடித்தாய் என்பதெல்லாம் தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ உதவும். பொறுப்பிலிருந்து தப்ப உதவாது. கடுமையான விதி, ஆனால் வேண்டிய விதி. இல்லாவிட்டால் எல்லாருமே ‘தெரியாது சார்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் கேட்பது ஒன்றுதான். ஆட்டக்காரன் உடம்பில் இருப்பதற்கு அவனே பொறுப்பு என்றால், ஆட்டத்தின் உடம்பில் இருப்பதற்கு யார் பொறுப்பு?

2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் போட்டியில் நம் பெண்கள் நால்வர் 400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கினார்கள். எங்கள் வீட்டில் ரசத்துக்கு வைத்த புளி அடுப்பில் தீய்ந்துபோனது கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். மறு வருஷம் அந்த நால்வரில் மூவர், மன்தீப் கௌர், சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி, சோதனையில் மாட்டிக்கொண்டார்கள். பயிற்சியாளர் சீனாவில் வாங்கிவந்து கொடுத்த ஜின்செங் மாத்திரையைத்தான் சாப்பிட்டோம் என்றார்கள். உக்ரைனிலிருந்து வந்திருந்த அந்தப் பயிற்சியாளரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பெண்களுக்கு முதலில் ஒரு வருஷத் தடை. அப்பீலில் அது இரண்டு வருஷமாயிற்று. ஓடுகிறவளின் ஆயுளில் இரண்டு வருஷம் என்பது நம்முடைய இருபது வருஷம். அந்தப் பயிற்சியாளரைக் கூட்டிவந்தவர்களும், முகாமை மேற்பார்வை பார்த்தவர்களும் எத்தனை வருஷம் வெளியே உட்கார்ந்தார்கள்?

எங்கள் தெருவில் ரிடையரான டிரில் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். இதைச் சொன்னதும் அவர் சிரித்தார். “நான் பையன்களைப் பந்தயத்துக்கு அழைச்சிண்டு போன காலத்துல, வயசுச் சான்றிதழ்ல என் கையெழுத்து இருக்கணும் சார். ஒரு பையன் வயசு கூடன்னு தெரிஞ்சா அவனை மட்டும் அனுப்பமாட்டான், டீமையே அனுப்பிடுவான். ஊருக்குத் திரும்பினா ஹெட்மாஸ்டர் பையனைக் கூப்பிடமாட்டார். என்னைத்தான் கூப்பிடுவார். இது யார் கையெழுத்துன்னுதான் முதல் கேள்வி.”

கையெழுத்தே இல்லாத இடத்தில் என்ன செய்வது? சுற்றுவட்டாரக் கிராமங்களில் அறுவடை முடிந்ததும் மின்னொளிக் கபடிப் பந்தயம் நடக்கும். பின் தெருப் பையன் ஒருவன் அதில் பெயர் வாங்கிவருகிறான். மாநில அணிக்குப் போனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்கும் என்று குடும்பமே காத்திருக்கிறது. போன மாசம் அவன் தாயார் ஒரு பெரிய டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“இதப் படிச்சுச் சொல்லுங்கண்ணே. உடம்பு வரும்னு யாரோ குடுத்தாங்களாம். எல்லாம் இங்கிலீஷா இருக்கு.”

இங்கிலீஷாகவும் இல்லை, ரசாயனமாக இருந்தது. தெரிந்த மருந்துக் கடைக்காரரிடம் காட்டினேன். கம்பெனி பெயரே இல்லாத சரக்கு, கொடுக்க வேண்டாம் என்றார். பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன். நாளைக்குப் பெரிய பந்தயத்தில் சோதனை உண்டு, பிடிபட்டால் வேலை, பெயர் எல்லாம் போய்விடும் என்றும் சொன்னேன்.

“எல்லாரும் குடிக்கிறாங்க மாமா. நான் மட்டும் குடிக்கலேன்னா டீம்ல வச்சுக்கமாட்டாங்க” என்றான்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அந்தப் பந்தயத்தின் சுவரொட்டியைப் பார்த்தேன். முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், கோப்பை உபயம், பந்தல் உபயம், விளக்கு உபயம் என்று இருபது பேர் படத்தில் கைகூப்பி நின்றார்கள். டப்பா உபயம் யார் என்று மட்டும் போடவில்லை.

அந்தப் பையன் சொன்னதைத்தான் அமெரிக்காவில் கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறவர்களும் சொன்னார்கள். அங்கே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். நம் கிட்டிப்புள்ளுக்குப் பட்டணத்து உடுப்புப் போட்ட மாதிரி இருக்கும். 1994-இல் அங்கே ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் பந்தயங்கள் நின்றுபோய், ஜனங்கள் வெறுத்துவிட்டார்கள். 1998-இல் மார்க் மக்வயர் 70 முறையும், சாமி சோசா 66 முறையும் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தார்கள். அதுவரை 37 வருஷமாக நின்ற சாதனை 61. கூட்டம் திரும்பி வந்தது. மக்வயரின் அலமாரியில் தசை வளர்க்கும் மருந்துச் சீசா ஒன்றை நிருபர் ஒருவர் பார்த்து எழுதினார். ஒலிம்பிக்கில் அந்த மருந்துக்குத் தடை. பேஸ்பாலில் அப்போது தடையில்லை. சீசா வைத்திருந்தவரை விட்டுவிட்டு, பார்த்து எழுதினவர்மேல் பாய்ந்தவர்களே அதிகம். ஸ்டீராய்ட் சாப்பிட்டேன் என்று மக்வயர் ஒப்புக்கொண்டது 2010-இல்.

முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் விசாரித்து 2007 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார். அதில் 89 ஆட்டக்காரர்களின் பெயர் இருந்தது. தலைமை அதிகாரிகளுக்கும், அணி நிர்வாகிகளுக்கும், ஆட்டக்காரர் சங்கத்துக்கும்கூட இதில் ஓரளவு பொறுப்பு உண்டு என்றும் எழுதியிருந்தார். 89 பெயரும் ஊர் வாயில் நின்றது. இந்த வாக்கியம் காகிதத்தில் நின்றது. அந்தக் காலமெல்லாம் லீகின் தலைமையில் இருந்தவர் பட் செலிக். சோதனை வைக்கப் பார்த்தோம், சங்கம் விடவில்லை என்பது அவர் கட்சி. அதிலும் உண்மை உண்டு. 2017-இல் அவரைப் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் ஏற்றி வைத்தார்கள். 762 முறை பந்தை வெளியே அடித்த பாரி பாண்ட்ஸ் மருந்துச் சந்தேகத்தினால் பத்து வருஷம் வாசலில் நின்று பார்த்தார். 2022-இல் நிருபர்களின் ஓட்டு அவருக்கு முடிந்துபோயிற்று. அவர் அடித்த பந்துக்கு விற்ற டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

நாங்கள் கடைமடைப் பக்கத்துக்காரர்கள். மேட்டூரில் திறந்து, கல்லணையில் பிரிந்து, எத்தனையோ மதகு தாண்டி வந்த பிறகுதான் எங்கள் வயலுக்குத் தண்ணீர். இங்கே பயிர் காய்ந்தால் வயலுக்குச் சொந்தக்காரனை யாரும் வைவதில்லை. மேலே எந்த மதகில் யார் இருந்தார் என்றுதான் கேட்பார்கள். விளையாட்டில் மட்டும் ஏன் கடைமடையைத் தோண்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்?

பெரிய சீர்திருத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டக்காரர் எட்டு மாதம் வெளியே உட்கார்ந்தால், அவருக்கு மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியவரும், சோதனையைத் தள்ளிப் போட்டவரும், தேதியை முன்னால் நகர்த்தினவரும் அதே எட்டு மாதம் நாற்காலியை விட்டு இறங்கட்டும். செய்தியில் அவர்கள் பெயரும் வரட்டும். கோப்பை வாங்கும்போது போட்டோவில் நடுநாயகமாக உட்காருகிறவர்கள் அவர்கள்தான். தடை வாங்கும்போதும் அதே நாற்காலி காத்திருக்கிறது. கூச்சப்பட்டு ஓரமாக நின்றால், போட்டோ பிடிக்கிறவரே கூப்பிடட்டும்: “சார், கொஞ்சம் நடுவுக்கு வாங்க.”