கொம்பு உடைந்தால் மூக்கில் ஏன் ரத்தம் வருது?

தாராபுரம் பக்கம் ஒரு கிராமம். கட்டுத்தரையில் நின்ற மாட்டின் கயிறு தூணில் சுற்றிக்கொண்டது. மிரண்டு இழுத்ததில் இடது கொம்பு அடியோடு முறிந்துவிட்டது. கொம்பு போனதுகூட ஆத்தாவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியதைப் பார்த்ததும்தான் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மண்டையே உடைஞ்சு போச்சு சாமி, இனி இது பொழைக்காது" என்று பேரனிடம் அழுதார். அந்த வீட்டுக்குப் பால் காசு வருவது அந்த ஒரு மாட்டில்தான்.

கால்நடை டாக்டர் வருவதற்குள் மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்து, முறிந்த இடத்துக் குழிக்குள் ஊற்றப் போய்விட்டார் ஆத்தா. நல்லவேளை, பைக்கை நிறுத்தும்போதே டாக்டர் கத்திவிட்டார். "ஊத்தாதீங்க ஆத்தா! அது நேரா நெத்திக்குள்ள போயிரும்."

கொம்பு என்றால் கெட்டியான கட்டை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வெளியே தெரிவது நம் நகம் மாதிரி ஒரு உறை. அதற்குள் எலும்பு. வளர்ந்த மாட்டுக்கு அந்த எலும்புக்குள்ளும் வெற்றிடம்தான். சளி பிடித்தால் நமக்கு நெற்றியில் வலிக்கிறதே, அதே சைனஸ் அறை மாட்டுக்கு நெற்றி முழுக்கப் பரவி, கொம்புக்குள்ளும் ஏறிவிடுகிறது. அங்கிருந்து மூக்குக்கு வழி இருக்கிறது. ரத்தம் வந்தது அந்த வழியாகத்தான். மூளை அதற்கும் கீழே, இன்னொரு எலும்புச் சுவருக்குள் இருக்கிறது.

"அப்போ பயமில்லீங்களா?"

பயம் இருக்கிறது. கொம்பு இருந்த இடம் இப்போது திறந்த ஜன்னல். ஈ மொய்த்துப் புழு வைக்கலாம், உள்ளே சீழ் கட்டலாம். டாக்டர் நெற்றியை விரலால் தட்டிக் காட்டினார். காலிப் பானை போலச் சத்தம். "இது மந்தமா கேட்டாலோ, மூக்குல நாத்தமடிக்கிற சளி வந்தாலோ, தீனி எடுக்காம தலையைச் சாய்ச்சு நின்னாலோ உடனே கூப்பிடுங்க" என்றவர், காயத்தைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டார். ஓட்டை மூட வாரக்கணக்கில் ஆகுமாம். (அடியே படாமல் ஒரு பக்கக் கொம்பு மட்டும் சாய்ந்து, மூக்கில் ரத்தம் வந்தால் அது கொம்புப் புற்றுநோயாகவும் இருக்கலாம். உழவு எருது வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.)

கிளம்பும்போது மகன், பிறந்து பத்து நாளான கன்றைக் காட்டினார். "இதுக்குக் கொம்பைச் சுட்டுறலாமுங்களா?"

சுடலாம், இதுதான் வயசு என்றார் டாக்டர். இப்போது அது தோலில் இருக்கும் வெறும் குருத்து, மண்டை ஓட்டோடு ஒட்டவில்லை. சைனஸ் அதற்குள் வர இன்னும் மாதங்கள் ஆகும். மரத்துப்போக ஊசி போட்டுச் சுட்டால் சின்னக் காயத்தோடு முடிந்துவிடும். வளர்ந்த பிறகு அறுத்தால் மறுபடி இதே ஓட்டைதான்.

"கொம்பில்லாம பட்டிப் பொங்கலுக்கு எதுக்குச் சாயம் அடிக்கறது?" என்றார் ஆத்தா.

யாரும் பதில் சொல்லவில்லை. கட்டுப்போட்ட மாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கன்றின் தலையில் அந்தக் குருத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே சொன்னார்.

"நாளைக்குக் காலையில வர முடியுங்களா?"