பல் போடாத கன்று

என் அக்காள் மகன் தருமபுரியில் கல்லூரியில் படிக்கிறான். கூடைப்பந்து என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அமெரிக்காவில் ராத்திரி ஆட்டம் நடந்தால் நமக்கு அது காலை வேளை. பல் விளக்குவதற்கு முன்பே கைப்பேசியும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவான். சென்ற விடுமுறையில் அங்கே போயிருந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, நீங்க ஒரு நியாயம் சொல்லுங்க. இருபது வயசுப் பையன் ஒருத்தன் உங்ககிட்ட இருக்கான். நல்லா வருவான்னு தெரியுது. அவனைக் குடுத்தா, இன்னைக்கே பேரெடுத்த ஆட்டக்காரன் கிடைக்கிறான். குடுப்பீங்களா?"

சமாசாரம் இதுதான். 2019 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் என்ற குழு, கவாய் லெனார்ட் என்ற பெரிய ஆட்டக்காரரைத் தன் பக்கம் அழைத்தது. அவருக்கோ தனியாக வர மனமில்லை. ஜோடிக்கு இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பால் ஜார்ஜ். அவர் ஓக்லஹோமா சிட்டி குழுவில் இருந்தார். அந்தக் குழுவினர் விலை சொன்னார்கள்: ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற இருபது வயதுப் பையன், கூடவே கலினாரி என்ற ஆட்டக்காரர், அதற்கு மேல் முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள் ஐந்து. அங்கே வருஷந்தோறும் புதிய பையன்களைக் குழுக்கள் முறை வைத்துப் பொறுக்கிக்கொள்ளும். அந்த முறைகளைத்தான் கேட்டார்கள். பிறக்காத கன்றுகளையும் சேர்த்து எழுதி வாங்குவது மாதிரி.

கன்று என்று சொன்னதும் எனக்குக் காரிமங்கலம் சந்தை ஞாபகம் வந்துவிட்டது. அக்காள் கல்யாணம் நிச்சயமாகியிருந்த வருஷம். மழை இல்லை. எங்கள் வீட்டில் ஆலம்பாடி இனத்துக் காளைக்கன்று ஒன்று இருந்தது. பென்னாகரத்து மலைச்சரிவில் மேய்ந்து பழகிய இனம். வண்டிக்கும் ஏருக்கும் சலிக்காது. கன்று இன்னும் பல் போடவில்லை. இரண்டு வருஷம் பொறுத்தால் அதன் விலையே வேறு. ஆனால் பந்தற்காலும் மாப்பிள்ளை வீட்டாரும் இரண்டு வருஷம் பொறுப்பார்களா?

தரகர் வாயைப் பிடித்துப் பார்த்தார், சுழி பார்த்தார். பிறகு துண்டுக்குள்ளே அப்பாவின் விரலைப் பிடித்தார். "கல்யாணச் செலவுக்குத்தானுங்க விக்கறேன்" என்று அப்பா வாய்விட்டுச் சொல்லிவிட்டார். துண்டுக்குள் ஒரு விரல் மடங்கியதை அவர் முகத்திலேயே கண்டேன்.

திரும்பும் வழியில் அப்பா சொன்னார்: "வித்தது தப்பில்லடா. நமக்கு அவசரம்னு வாங்கறவனுக்குச் சொன்னேன் பாரு, அதுதான் தப்பு."

கிளிப்பர்ஸின் அவசரமும் எதிராளிக்குத் தெரிந்துதான் இருந்தது. ஜார்ஜ் கிடைக்காவிட்டால் லெனார்டும் இல்லை என்ற நிலையில் துண்டுக்குள் எத்தனை விரல் பிடித்தாலும் தலையாட்டத்தானே வேண்டும்? அங்கே விலை பேசப்பட்டது பையனுடைய திறமை அல்ல, வாங்கியவர்களின் தவிப்பு.

அதற்குப் பின் நடந்ததை மருமகனே சொன்னான். கிளிப்பர்ஸ் 2021-இல் முதன்முறையாக மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை போனது. அவ்வளவுதான். 2024-இல் ஜார்ஜ் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார். பதிலுக்கு ஒன்றும் வரவில்லை. கொடுத்த பையனோ 2025-இல் ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரனாகி, ஓக்லஹோமாவுக்குக் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தான். அவனோடு தோள் கொடுத்து ஆடிய ஜேலன் வில்லியம்ஸ்கூட, கிளிப்பர்ஸ் கொடுத்த தேர்வு உரிமையில் 2022-இல் வந்தவன்தான்.

"இப்ப சொல்லுங்க மாமா, முட்டாள்தனம்தானே?"

2025-இல் உட்கார்ந்துகொண்டு 2019-ஐத் தீர்ப்புச் சொல்வது சுலபம். நல்ல கன்று என்று தெரியாமல் யாரும் விற்பதில்லை. தெரிந்தேதான் விற்கிறார்கள். மனிதனுக்குக் காத்திருக்க வசதி உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. கன்றையோ பையனையோ யாரும் சம்மதம் கேட்பதில்லை என்பது வேறு வருத்தம்.

"நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்" என்றேன். "ஆனால் அந்த ஐந்தில் இரண்டையாவது பேரம் பேசிக் குறைத்திருப்பேன்."

அவனுக்குத் திருப்தியில்லை. அந்தக் கன்று அன்றைக்கு விலை போகாவிட்டால், இந்தக் கேள்வியைக் கேட்க இவன் ஏது என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

காபி கொண்டு வந்த அக்காள், "என்னடா, கண்ணுக்குட்டிப் பேச்சு?" என்றாள். சந்தைக் கதையைச் சொன்னேன். டம்ளரை வைத்துவிட்டுச் சற்று நின்றாள்.

"அதுக்கு நெத்தியில வெள்ளையா ஒரு சுட்டி இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.