பிளவின் வழியே பெருந்தீ

‘எரிமலை’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் கூம்பிய மலையொன்றும் அதன் முடியில் எழும் புகையும் நம் மனக்கண்முன் தோன்றும். ஆயினும், மலையே இல்லாத சமநிலத்திலும் தீக்குழம்பு பீறிட்டு எழுவதுண்டு. சொற்களை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு இச்செய்தி பெருவியப்பை அளித்தது. தீ எழும் இடத்தை வகுப்பது யாது? இவ்வினாவிற்கு ஐஸ்லாந்து நாடு தெளிவான விடை தருகின்றது.

வட அத்திலாந்திக் பெருங்கடலில் உள்ள அத்தீவு, வட அமெரிக்கப் புவித்தட்டும் யூரேசியப் புவித்தட்டும் பிரியும் எல்லையின்மீது அமைந்துள்ளது. அவ்விரு தட்டுகளும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 செ.மீ. விலகுகின்றன. இருபுறமும் இழுக்கப்படும் நிலத்தில், அவ்விழுப்பிற்குக் குறுக்காக நீண்ட பிளவுகள் உண்டாகின்றன. ஆழத்திலிருந்து ஏறும் பாறைக்குழம்பு, எளிதில் விலகிக்கொடுக்கும் அப்போக்கிலேயே ஒரு சுவர்போலப் புகுந்து மேலெழுகின்றது. ஆதலின், எரிவாய்கள் கோத்த மணிகள்போல் வரிசையாய் அமைகின்றன. பழஞ்சுவடிகளைப் படிக்கும்பொழுது, எழுத்தாணி அழுந்திய இடத்தில் ஓலை தன் நரம்போட்டத்தின் வழியே கீறியிருத்தலைப் பன்முறை கண்டிருக்கின்றேன். அழுத்தம் எழுத்தாணியினுடையது; கீறலின் திசையோ ஓலையினுடையது. நிலத்தின் இயல்பும் அத்தகையதே.

1783ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், அந்நாட்டின் லாக்கி என்னுமிடத்தில் நிலம் பிளந்தது. பிளவு ஏறத்தாழ 27 கி.மீ. நீண்டது; அதன்மீது நூற்றுக்கு மேற்பட்ட எரிவாய்கள் தோன்றின. எட்டுத் திங்கள் தீக்குழம்பு பெருகிற்று. நச்சுவளி படிந்த புல்லை மேய்ந்த கால்நடைகளுள் பாதிக்கு மேற்பட்டவை மடிந்தன. தொடர்ந்த பஞ்சத்தால் மக்களுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் மாண்டனர்.

240 ஆண்டுகள் கழிந்தன. 2023ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள், கிரிண்டவீக் என்னும் மீனவர் ஊரில் நிலம் ஓயாது நடுங்கிற்று. அந்நடுக்கங்கள் எழுந்த இடங்களையும் நிலத்தின் அசைவையும் அளந்த அறிஞர்கள், ஏறத்தாழ 15 கி.மீ. நீளமுள்ள பாறைக்குழம்புச் சுவரொன்று ஊரின் அடியிலும் புகுவதை உணர்ந்தனர். அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 3,800 பேரும் அன்றிரவே வெளியேற்றப்பட்டனர். டிசம்பர் 18ஆம் நாள், ஊருக்கு வடகிழக்கே பழைய எரிவாய் வரிசையொன்றை ஒட்டியே நிலம் பிளந்து தீயை உமிழ்ந்தது. 2024ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஊரின் எல்லையிலேயே மற்றொரு பிளவு திறந்தது. அதனின்று வழிந்த குழம்பு மூன்று வீடுகளை எரித்தது. அவ்வீடுகளில் அப்பொழுது எவரும் இல்லை.

மாணவர்களே! பிளவின் போக்கை முன்னறிதல் இயலும். அதன்மேல் எப்புள்ளி, எந்நாளில் வாய் திறக்கும் என அறுதியிட்டுரைத்தல் இன்றும் அரிதே. வாழ்ந்த வீட்டை இழந்தோர் துயரும் சிறிதன்று. எனினும், எரிந்த வீடுகள் வெறுமையாய் இருந்தமைக்குக் காரணம், நிலத்தின் போக்கைக் கற்றோர் தந்த எச்சரிக்கையும், அதற்குச் செவிசாய்த்த மக்களின் விரைவுமே ஆகும். கல்வியின் பயன் யாது என வினவுவார்க்கு, அவ்வெறும் வீடுகளையே விடையாகக் காட்டுவேன்.