அருவி தந்த மின்சாரம், அருவங்காடு வெடிமருந்து... யானைகள் நடமாடும் மஞ்சூர் சாலை!

குன்னூரிலிருந்து மஞ்சூருக்கு பஸ் ஏறினால், சுமார் 10 கிலோமீட்டரில் காட்டேரி அருவி வந்துவிடும். பலரும் ஒரு செல்ஃபியோடு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால், இந்த அருவிக்கும் துப்பாக்கித் தோட்டாவுக்கும் நூறு வருடத்துக்கும் மேலான தொடர்பு உண்டு.

குன்னூரிலிருந்து ஊட்டி செல்லும் மலை ரயில் பாதையில் இருக்கிறது அருவங்காடு. 1903-ல் ஆங்கிலேய அரசு அங்கே கார்டைட் தொழிற்சாலையை அமைத்தது. பிசைந்த கலவையை இடியாப்பம் பிழிவதுபோல கயிறு கயிறாகப் பிழிந்தெடுக்கும் வெடிமருந்துதான் கார்டைட். அதிகம் புகை வராதது. இந்த ஆலைக்கு மின்சாரம் கொடுக்கவே காட்டேரி அருவியில் நீர்மின் நிலையம் கட்டப்பட்டது. தென்னிந்தியாவின் ஆரம்பகால நீர்மின் நிலையங்களில் அதுவும் ஒன்று. ஆலை இப்போதும் இயங்குகிறது. பாதுகாப்புத் துறை இடம் என்பதால் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி கிடையாது.

ஆலைக்குள் இத்தனை கட்டுப்பாடு. ஆனால், துரைமார்களின் வேட்டைக் காலத்தில் பலர் வீட்டு மேஜையிலேயே காலித் தோட்டாக்களில் மருந்தும் ஈயக் குண்டும் நிரப்பிக்கொண்டார்கள். வரையாடுகளும் மான்களும் வேகமாகக் குறைந்தன. வேட்டையாடியவர்களே கவலைப்பட்டு 1877-ல் நீலகிரி வேட்டைச் சங்கத்தைத் தொடங்க, 1879-ல் வேட்டையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது.

அமெரிக்காவில் இன்றும் கார் ஷெட்டில் உயரம் பார்த்து மேஜை போட்டு, நல்ல விளக்கு மாட்டி, தோட்டா நிரப்புவது பலருக்குப் பொழுதுபோக்கு. இங்கே அது விளையாட்டல்ல. ஆயுதச் சட்டம் 1959-ன்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டுகள் சிறை. ஆயுள் தண்டனை வரைகூடப் போகலாம்.

இந்தக் கண்டிப்பு ஏன் என்பது மஞ்சூர் போனால் புரியும். குந்தா தாலுகாவின் தலைநகரான இந்தச் சின்ன ஊரைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், அவற்றை ஒட்டியே காடு. இங்கிருந்து கெத்தை, முள்ளி வழியாக காரமடைக்கு இறங்கும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். குட்டிகளோடு யானைகள் சாலையில் நிற்பதும், பஸ் காத்திருப்பதும் இங்கே வழக்கமான காட்சி.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டோரங்களில் காட்டுப்பன்றிக்காக சிலர் ரகசியமாக வைக்கும் அவுட்டுக்காய், பன்றி எது, யானை எது என்று பார்ப்பதில்லை. கடித்ததும் வாய் சிதறும். மேயப்போன மாடுகளும் இப்படிப் பலியாகியிருக்கின்றன. 2020 மே மாதம், குந்தா மலைகளுக்கு மறுபக்கம் கேரளத்தின் மண்ணார்க்காடு வனப்பகுதியில், வெடி வைத்த காயைக் கடித்த கர்ப்பிணி யானை ஒன்று வாய்ப்புண்ணோடு ஆற்றில் நின்றபடியே உயிரைவிட்டது. தயாரித்தவரின் கையிலேயே வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

மஞ்சூர் போகிறவர்கள் கெத்தை சாலையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். யானை வந்தால் ஹாரன் அடிக்காமல் தள்ளியே வண்டியை நிறுத்துங்கள். காட்டோரத்தில் சந்தேகப்படும்படி உருண்டையாக எதையாவது பார்த்தால் தொட வேண்டாம். குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் ஒரு குட்டியானையின் தாயைக் காப்பாற்றக்கூடும்.