வியர்வை உலருமுன் ஒரு பாராட்டு



ஃபஜ்ருக்கு எழுபவர் முதலில் தேடுவது தண்ணீரைத்தான். குழாயைத் திருகுகிறோம், தண்ணீர் வருகிறது, ஒளூச் செய்கிறோம். வரும் நாள்களில் அதை அனுப்பியவரை யாரும் எண்ணுவதில்லை. வராத நாளில்தான் குடிநீர் அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைத் தேடுகிறோம். ஒரு மருத்துவர் பிழைக்க வைத்த நோயாளி அவரைத் தேடி வந்து நன்றி சொல்வார். தூய நீரைக் குடித்ததால் நோயே காணாத ஒரு குழந்தைக்கோ, தான் எதிலிருந்து காக்கப்பட்டோம் என்பதே தெரியாது. நீர்த்துறையில் நன்றாகச் செய்யப்பட்ட வேலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அதனால் அத்துறையில் உழைப்பவர்களுக்குப் பாராட்டு என்பது பெரும்பாலும் ஓய்வு பெறும் நாளில் போடப்படும் மாலையாகவே அமைகிறது.

என் தங்கையின் மகளுக்கு அந்த மாலை சற்று முன்னதாகவே கிடைத்தது. பெருநகர் ஒன்றின் குடிநீர் வழங்கல் பணியில் உதவிப் பொறியாளராக இருக்கிறாள். வயது 28. நீர்த்துறைப் பொறியாளர்கள் கூடும் ஓர் அமைப்பு, பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன இளையவர்களுக்கு வழங்கும் விருதை இவ்வாண்டு அவளுக்கு அளித்தது. அந்த விருதை ஒட்டி எங்கள் குடும்பத்திலும் ஜமாஅத்திலும் எழுந்த பேச்சுகள், நம் பிள்ளைகளின் உழைப்பை நாம் எப்படி அளக்கிறோம் என்பதை எனக்குக் காட்டின. அவற்றை உங்களோடு பகிர்வது பயன் தரும் என்று நம்புகிறேன்.

அவள் செய்தது என்ன என்பதை முதலில் சொல்ல வேண்டும். அவளுடைய பகுதியில் ஒரு தெருவில், காலையில் தண்ணீர் திறந்துவிடும்போது முதல் சில நிமிடங்கள் துர்நாற்றம் வீசியது. பிறகு நீர் தெளிந்துவிடும். புகார் வரும்போதெல்லாம் ஆட்கள் போய்ப் பார்ப்பார்கள். அதற்குள் தண்ணீர் தெளிந்திருக்கும். "இப்போது சரியாக இருக்கிறது" என்று எழுதிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இவள் தண்ணீர் திறக்கும் நேரத்திற்கு முன்பே போய் நின்றாள். தெருவின் தொடக்கத்திலும் கடைசி வீட்டிலும் நீரைப் பிடித்து, குளோரின் அளவு காட்டும் கரைசலில் சில துளிகள் விட்டாள். தொடக்கத்தில் பிடித்த நீர் நன்றாக மஞ்சள் நிறம் கொண்டது. கடைசி வீட்டின் நீர் நிறம் மாறவேயில்லை. குழாயின் கடைசி முனையிலும் ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரநிலை. இடையில் ஏதோ ஒன்று அந்தக் குளோரினைத் தின்று தீர்க்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது.

நம் நகரங்களில் தண்ணீர் நாள் முழுவதும் வருவதில்லை. சில மணி நேரம் திறந்துவிட்டு அடைத்துவிடுகிறார்கள். அடைத்தபின் குழாய் காலியாகும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்து, வெளியில் இருப்பதை விரிசல்கள் வழியே உறிஞ்சிக்கொள்ளும். அருகில் சாக்கடை இருந்தால் சாக்கடை நீர் உள்ளே போகும். மறுநாள் முதலில் வருவது அதுவே. அவள் வால்வுகளை ஒவ்வொன்றாக அடைத்து, பழுதுள்ள பகுதியைச் சுருக்கிக்கொண்டே வந்தாள். வாகன இரைச்சல் அடங்கிய நள்ளிரவுக்குப் பின், ஒப்பந்த முறையில் பணியாற்றும் ஓர் இளம் ஃபிட்டர் இரும்புக் கம்பியைக் குழாய்மீது ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டான். பூமிக்கடியில் நீர் கசியும் ஓசை அதில் கேட்கும். அவன் காட்டிய இடத்தில் தோண்டியபோது, எப்போதோ கைவிடப்பட்ட பழைய வீட்டிணைப்பு ஒன்று கழிவுநீர்க் குழியின் சுவரை ஊடுருவிச் செல்வது தெரிந்தது. அதை அடைத்தார்கள். பிறகு அதே முறையை வரிசைப்படுத்தி எழுதி, பக்கத்துத் தெருக்களிலும் அவள் செய்து பார்த்தாள். விருது அதற்காகத்தான்.

வீட்டில் இச்செய்தி எப்படி வரவேற்கப்பட்டது தெரியுமா? விருதுக் கேடயத்தை என் தங்கை அலமாரியில் துணிகளுக்கிடையே வைத்துவிட்டாள். அப்போது ஒரு திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பாராட்டுரையில் "நள்ளிரவுப் பணி" என்ற சொல் இருந்தது. நடுத்தெருவில் இரவில் நின்று பள்ளம் தோண்ட வைக்கும் பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம் அவளுக்கு. அதே வேளையில், வளைகுடாவில் ஒரு நிறுவனம் மும்மடங்கு ஊதியத்தில், மேசை முன் அமர்ந்து செய்யும் வேலை ஒன்றைத் தருவதாக எழுதியிருந்தது. "போய்விடலாம் என்று தோன்றுகிறது மாமா. அங்கே யாருக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை" என்றாள் அவள். ஊதியத்தைவிட அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னை வருத்தியது.

எங்கள் மஹல்லாவில் ஆண்டுதோறும் கல்விப் பரிசு வழங்குகிறோம். பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றவர்களையும் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களையும் மேடையேற்றுகிறோம். இவ்வாண்டு அவளையும் அழைக்க வேண்டும் என்று ஜமாஅத் கூட்டத்தில் கேட்டேன். மூன்று மறுப்புகள் எழுந்தன.

முதலாவது, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்குப் பாராட்டு எதற்கு என்பது. மருத்துவரும் சம்பளம் பெறுபவர்தானே என்று சொன்னதும் அது அடங்கியது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. பாராட்டும் ஒரு வகைக் கூலியே. முப்பது ஆண்டுகள் தாழ்த்திக் கொடுப்பதை நேர்மையான கூலி என்று எப்படிச் சொல்ல முடியும்?

இரண்டாவது மறுப்பு கனமானது. முகத்துக்கு நேரே புகழ்வது உள்ளத்தில் பெருமையை விதைக்கும், செயல் முகஸ்துதிக்கானதாக மாறிவிடும் என்று ஒரு பெரியவர் அஞ்சினார். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மனிதர்களுக்கு நன்றி பாராட்டுவதை இறைவனுக்கு நன்றி செலுத்துவதோடு இணைத்தே நாம் கற்றிருக்கிறோம். ஆளை உயர்த்திப் பேசாமல், அவர் செய்த பணியை எடுத்துச் சொல்லி, அது ஏற்கப்பட துஆச் செய்தால் அந்த அச்சத்துக்கு இடமிருக்காது.

மூன்றாவது, "சின்னப் பெண், இன்னும் அனுபவம் வரட்டும்" என்பது. இதற்கு நம் வரலாறே மறுமொழி சொல்கிறது. நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி நாள்களில் ஒரு படைக்கு உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களைத் தளபதியாக்கினார்கள். உஸாமாவுக்கு அப்போது இருபது வயதை ஒட்டிய பருவம். மூத்த தோழர்கள் இருக்கும் படைக்கு இவரா என்று சிலர் முணுமுணுத்தபோதும் அந்த முடிவு மாறவில்லை. பின்னர் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள், குதிரைமீது அமர்ந்திருந்த உஸாமாவுடன் நடந்தே சென்று வழியனுப்பினார்கள். உமர் (ரலி) அவர்களை மதீனாவில் நிறுத்திக்கொள்ள அந்த இளைஞரிடமே அனுமதியும் கேட்டார்கள். இளமையில் தரும் அங்கீகாரத்தின் உயர்ந்த வடிவம் பொறுப்பை ஒப்படைப்பதுதான்.

நீர்த்துறையிலும் அப்படியே நடந்திருக்கிறது. விஸ்வேஸ்வரய்யா சிந்து மாகாணத்தின் சுக்கூர் நகருக்குக் குடிநீர்த் திட்டம் அமைத்தது 1895இல். அவர் அப்போது முப்பதுகளின் நடுவில் இருந்தார். கலங்கிய சிந்து நதியின் நீரை, ஆற்றுப் படுகையிலேயே கிணறு அமைத்து மணல் வழியே வடிகட்டி எடுத்தார். பாரத ரத்னா அவருக்குக் கிடைத்தது 1955இல், தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு. ஆனால் அவரை ஆளாக்கியது, இளமையிலேயே ஒரு நகரத்தின் தாகத்தை அவரிடம் நம்பி ஒப்படைத்ததுதான்.

இன்று உலகமும் இதை உணர்ந்திருக்கிறது. ஸ்டாக்ஹோமில் 1991 முதல் நீர்த்துறைச் சாதனையாளர்களுக்குப் பரிசு வழங்கி வந்தவர்கள், 1997 முதல் 15 வயதிலிருந்து 20 வயது வரையுள்ள மாணவர்களுக்கென்றே தனிப் பரிசு ஒன்றையும் தொடங்கினார்கள். சர்வதேச நீர்ச் சங்கம், 35 வயதுக்குட்பட்டோரை இளம் நீர்த்துறையினர் என்று தனியே வகைப்படுத்தி ஊக்குவிக்கிறது. காரணம் எளியது. எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது, எந்தக் குழாய் எந்த ஆண்டு போடப்பட்டது என்ற அறிவு ஓய்வு பெறப்போகும் ஊழியர்களின் தலைக்குள் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள இளையவர்கள் பணியில் நிலைக்க வேண்டும். நிலைக்க வேண்டுமானால், தம் பணி காணப்படுகிறது என்ற உணர்வு அவர்களுக்கு வேண்டும்.

அந்தப் பணி இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதைச் சென்னை 2019இல் கண்டது. ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. படிப்பை முடித்திருந்த என் தங்கை மகள் நீர்த்துறையைத் தேர்ந்தெடுத்தது அந்தக் கோடையில்தான்.

கூட்டத்தின் முடிவில் ஜமாஅத் ஒப்புக்கொண்டது. அழைப்பைக் கொண்டுபோனபோது அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். "அந்தக் கம்பியில் காது வைத்துக் கேட்டவனையும் அழைப்பீர்களா மாமா? அவன் பெயர் விருதுப் பத்திரத்தில் இல்லை. ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில்கூட அது சரியாக எழுதப்படவில்லை." ஹஜ் பயணிகளின் தாகம் தீர்க்க மக்காவுக்கு நீர் கொண்டுவந்த ஐன் ஸுபைதா எனக்கு நினைவுக்கு வந்தது. பொருளை வாரி வழங்கிய அரசி ஸுபைதாவின் பெயரை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். அதன் மட்டம் பார்த்தவர்களும் பாறை வெட்டியவர்களும் யார் என்று நம்மில் எவருக்குத் தெரியும்? அல்லாஹ் அறிவான். ஆனால் அருகில் இருப்பவரின் பெயரையாவது அறிந்துகொள்வது நம் கடமை.

இருவரும் வந்தார்கள். அந்த இளைஞன் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவனல்லன். தன் தாயையும் அழைத்து வந்திருந்தான். இமாம் அவர்கள் இருவரின் பணியையும் விளக்கிச் சொன்னபோது, பெண்கள் பகுதியிலிருந்து ஒரு சிறுமி, கம்பியில் கேட்கும் ஓசை எப்படி இருக்கும் என்று எழுதி அனுப்பியிருந்தாள். அவனே அதற்கு விடை சொன்னான்.

திருமணப் பேச்சு, அவள் வேலையை விட வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்ததால் நின்றுபோனது. என் தங்கைக்கு அதில் வருத்தம் உண்டு. அதை நான் மறைக்க விரும்பவில்லை. கேடயம் இப்போது அலமாரியிலிருந்து கூடத்துக்கு வந்திருக்கிறது. வளைகுடா வேலையை அவள் இன்னும் முழுமையாக மறுக்கவில்லை. முடிவு அவளுடையது. ஆயினும், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாத இடத்தைத் தேடிப் போக வேண்டும் என்ற காரணம் இப்போது அவளிடம் இல்லை. இதற்கிடையில் பெரிய பகுதி ஒன்றின் பொறுப்பை அவளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் ஊர் ஜமாஅத்திலும் இவ்வாண்டு பரிசுப் பட்டியல் எழுதுவீர்கள். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுபவர், குளோரின் கலப்பவர், குழாய் பழுது பார்ப்பவர், நீர் ஆய்வகத்தில் பணிபுரியும் நம் வீட்டுப் பெண்பிள்ளை ஆகியோரில் இளையவர் ஒருவரின் பெயரையாவது அதில் சேருங்கள். அவர்கள் தலை நரைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

நமக்கு நீரளிப்போர் அனைவருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.